பாதை திறந்திருக்கும் மாதங்கள்

நவம்பர் 6

சுண்டுவின் அப்பாவுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நாம் பிரிந்த பிறகு உங்களை நான் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. எது சொல்வதாக இருந்தாலும் அவளிடம் சொல்வேன், அவள் உங்களிடம் சொல்வாள். இப்போது நடுவில் ஆள் இல்லை.

ஆகஸ்டில் செய்தி வந்த அன்று போன் செய்தீர்கள். எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்தேன். அதற்குப் பிறகும் செய்தீர்கள், எடுக்கவில்லை. இனியும் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் ஒன்று அழுகை வருகிறது, இல்லாவிட்டால் சண்டை வருகிறது. எழுதும்போது இரண்டையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ள முடிகிறது. பதிலையும் எழுதியே அனுப்புங்கள்.

அவள் வேலை பார்த்த மலை மருத்துவ முகாமின் டாக்டர் எனக்கு எழுதியிருக்கிறார். ஏற்கெனவே தெரிந்ததுதான். மழையில் ஆறு பெருகி மேட்டு நிலம் துண்டாகிவிட்டது. காய்ச்சல் வந்தது. இருந்த மருந்தையெல்லாம் கொடுத்தார்கள். கீழே கொண்டுவர வழியில்லை. ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் அடக்கம் செய்துவிட்டார்கள். புதிதாக ஒன்றே ஒன்று: மழை நின்றுவிட்டது, ஜனவரி கடைசியில் லாரிகள் போக ஆரம்பித்துவிடும், மறுபடி மழை பிடிக்கும்வரை பாதை திறந்திருக்கும் என்கிறார்.

நான் போகப் போகிறேன். பெற்ற பெண்ணை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. உங்களைக் கூட வரச் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டினவர் நீங்கள். அங்கே எப்படிப் போவது, எதில் போவது, என்ன கொண்டுபோவது என்று மட்டும் எழுதினால் போதும்.

சுண்டுவின் அம்மா


நவம்பர் 17

சுண்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டிப்போவுக்கு டீசல் கொண்டுவரும் ஓட்டுநர்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம் போய்வந்தவர்கள். அவர்களை டீக்கடையில் உட்காரவைத்து விசாரித்தேன்.

தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அதுதான் கடைசி. அதற்கப்புறம் கல்வெளி. அங்கே ரோடு கிடையாது. சக்கரத் தடங்கள் நாலா பக்கமும் பிரிந்து பிரிந்து போகும். எது சரி என்று மலையின் முகட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைத் தாண்டினால் காய்ந்த ஆற்றுப் படுகை. அகலம் அதிகம், மணல் ஆழம். அக்கரையில் உப்புத் தரை. மேலே பார்த்தால் சிமெண்டுத் தளம் மாதிரி இருக்கும், உள்ளே சேறு. பழைய தடத்தை விட்டு விலகினால் வண்டி இறங்கிவிடும். கடைசியில் மலை ஏற்றம், ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எதிரே லாரி வந்தால் பின்னாலேயே போய் ஒதுங்க வேண்டும். இரண்டு பேரில் வயதானவர் சொன்னார்: "அது ரோடு இல்ல சார். முன்னால போனவன் விட்டுட்டுப் போன தடம்."

நல்லபடியாகப் போனால் நான்கைந்து நாள். சாமான் லாரியில் தொற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடு. எங்கே நிற்பார்கள், எப்போது கிளம்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

நான் வருகிறேன். வண்டிக்கு ஏற்பாடு செய்கிறேன். நீ கூப்பிடவில்லை என்பது தெரியும். எனக்கும் அவள் பெண்தான்.

சுண்டுவின் அப்பா


நவம்பர் 25

சுண்டுவின் அப்பாவுக்கு,

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று வாழ்ந்த மனிதர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதியாவது அந்தக் காலத்தில் என்னிடம் பேசியிருந்தால்... சரி, அதை விடுங்கள்.

வாருங்கள். தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், வண்டிக்குள் உட்கார்ந்து மென்று முழுங்க என்னால் முடியாது. அந்த வேலைக்குப் போகட்டுமா என்று அவள் இரண்டு பேரையும் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். நீங்கள் "போ" என்றீர்கள். ஒரே வார்த்தை. என்னைக் கேட்டீர்களா? "அம்மா என்ன சொல்றா?" என்று அவளையாவது கேட்டீர்களா? அப்பா சொல்லிவிட்டார் என்று குதித்துக்கொண்டு வந்து பெட்டியை அடுக்கினாள்.

இங்கே காய்ச்சல் காலம் இன்னும் முடியவில்லை. ஆய்வகத்தின் வாசலில் காலையிலேயே வரிசை நிற்கிறது. விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் தேடுகிறேன். யாரோ பெற்ற பிள்ளைகளின் காய்ச்சலையெல்லாம் கண்டுபிடித்து எழுதிக் கொடுக்கிறேன். மருந்தை வாங்கிக்கொண்டு நடந்து போகிறார்கள். என் பெண்ணுக்கு ஒரு ஆறு குறுக்கே வந்துவிட்டது. "பட்ட காலிலேயே படும்"னு மற்றவர்களுக்கு ஆறுதல் சொன்னவள் நான். இப்போது யாராவது என்னிடம் அதைச் சொன்னால் அறையலாம் போல் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் எழுத்து ஏன் இப்படி இருக்கிறது? முன்பெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி எழுதுவீர்கள். இப்போது ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. வரிகள் சரிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. குடிக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

சுண்டுவின் அம்மா


டிசம்பர் 4

சுண்டுவின் அம்மாவுக்கு,

குடிக்கவில்லை. என்றைக்கும் குடித்ததில்லை, உனக்கே தெரியும்.

கண். உள்ளே அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது என்கிறார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கமும் இருட்டு. நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் தெரிகிறது, அதுவும் மங்கல். எழுத்து தெரிய வேண்டுமானால் காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். போன வருடமே என்னைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது டிப்போவில் புது ஓட்டுநர்களுக்கு இன்ஜின் பாடம் எடுக்கிறேன். அதற்குக் கை போதும்.

சுண்டுவுக்குத் தெரியும். உன்னிடம் சொல்லாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

நான் ஓட்டுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தால் அடித்துவிடு. எழுதினேனா என்று நினைவில்லை. எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஜீப் ஒன்று கிடைத்திருக்கிறது. டிப்போ மேஸ்திரியுடையது, நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. பழைய வண்டிதான், ஆனால் நானே இன்ஜினைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். ரேடியேட்டர் குழாய்களை மாற்றியாகிவிட்டது. இரண்டு ஸ்டெப்னி, தண்ணீர் கேன்கள், டீசல் கேன்கள், மணலில் சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு இரும்புப் பலகை எல்லாம் சேர்த்துவிட்டேன். ஓட்டுவதற்கு என் மாணவர்களில் ஒருவனை அழைத்துக்கொள்ளலாம். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான்.

"போ" என்று சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், சொன்னேன். அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

சுண்டுவின் அப்பா


டிசம்பர் 10

சுண்டுவின் அப்பாவுக்கு,

கண்ணைப் பற்றிப் படித்தேன். கோபப்பட வேண்டுமா அழ வேண்டுமா என்று தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். அப்பாவும் பெண்ணும் சேர்ந்து நன்றாகத்தான் மறைத்திருக்கிறீர்கள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுங்கள். ஒரு வேளை விட்டாலும் அழுத்தம் ஏறும்.

உங்கள் மாணவன் வேண்டாம். நல்ல பையனாகவே இருக்கட்டும். நம் பெண்ணின் குழிக்கு முன்னால் நாம் நிற்கும்போது வண்டியில் சாய்ந்துகொண்டு யாரோ ஒருவன் வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஓட்டுகிறேன்.

சிரிக்க வேண்டாம். நேற்றே ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். ஐம்பது தாண்டியவள் ஸ்டியரிங் முன்னால் உட்காருவதைப் பார்த்து அங்கிருந்த கல்லூரிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் வண்டி தவளை மாதிரி தத்தித் தத்தி நின்றுவிட்டது. பயிற்சி கொடுப்பவர் பொறுமைசாலி. "மேடம், கிளட்ச்சை விடுறது பால் பொங்கும்போது அடுப்பைக் குறைக்கிற மாதிரி"ன்னு சொன்னார். பால் எத்தனை தடவை பொங்கி வழிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஊருக்குள் ஓட்ட அவர் கற்றுத்தருவார். மணலும் சேறும் அவருக்குத் தெரியாது. அதை நீங்கள் எழுதுங்கள்.

சுண்டுவின் அம்மா


டிசம்பர் 19

சுண்டுவின் அம்மாவுக்கு,

சிரிக்கவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

முதலில், கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே வைக்காதே. எல்லாரும் செய்கிற தவறு. முன் சக்கரம் கல்லில் மோதினால் வளையம் வெடுக்கென்று சுழலும், விரல் உடைந்துவிடும். விரலை வளையத்தின் மேல் கிடத்து.

மணலில் இறங்குவதற்கு முன்னால் டயரில் காற்றைக் குறைத்துக்கொள். தட்டையான டயர் மணலின் மேல் பரவி நிற்கும், விறைப்பான டயர் தோண்டிக்கொண்டு இறங்கும். மணலில் பிரேக் போடாதே. நிற்க வேண்டுமானால் காலை எடுத்துவிடு, தானாக நிற்கும். சக்கரம் சுற்றிக்கொண்டு வண்டி நகராவிட்டால் உடனே நிறுத்து. பிடிவாதம் பிடித்து மிதித்தால் உனக்கு நீயே குழி வெட்டுகிறாய்.

தண்ணீர் இருந்தால் முதலில் நடந்து பார்க்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இதற்குத்தான். நடப்பது என் வேலை. உள்ளே இறங்கிய பிறகு கியர் மாற்றாதே, நடுவில் நிற்காதே. இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே, முதல் கியரில் போட்டு இன்ஜினே பிடித்துக்கொள்ளட்டும். பார்வை வண்டியின் மூக்கில் இருக்கக் கூடாது. தூரத்தில் வை. கை தானாகக் கண் போகும் இடத்துக்குத் திரும்பும்.

எழுதும்போது எல்லாம் சுலபமாக இருக்கிறது. கையில் பழகினால்தான் வரும். டிப்போவுக்குப் பின்னால் ஒரு பழைய கல் குவாரி இருக்கிறது. மேடு, பள்ளம், மணல் எல்லாம் உண்டு. புத்தாண்டு விடுமுறையில் ஒரு வாரம் வர முடியுமா? மேஸ்திரி வீட்டில் தங்கலாம். அவர் மனைவியிடம் பேசிவிட்டேன். நான் இருப்பது ஒற்றை அறை.

சுண்டுவின் அப்பா


ஜனவரி 11

சுண்டுவின் அப்பாவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன் என்று மேஸ்திரியின் மனைவியிடம் சொல்லுங்கள். அந்த அம்மா நல்லவர். நான் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறியதற்கு மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லுங்கள்.

குவாரியில் ஐந்து நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே "இப்ப கியரைக் குறை" என்பீர்கள். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அந்த மணல் மேட்டில் ஏறி இறங்கியபோது நான் சிரித்தேன் என்பது உங்களுக்குத் தெரியுமா? ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவை. சிரித்ததும் நெஞ்சில் குத்தியது.

அதனால்தான் அன்று அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். சுகாதாரத் துறையில் ஏறி இறங்கி, கையெழுத்துக்கு மேல் கையெழுத்தாக வாங்கியது. அவளை எடுத்து இங்கே கொண்டுவந்து, நான் நடந்து போகிற தூரத்தில் வைத்துக்கொள்ள. தாய்க்கு அதுகூட வேண்டாமா? நீங்கள் காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தீர்கள். மடித்தீர்கள். பிறகு என்ன சொன்னீர்கள்? "அவ என்ன மாத்தலாகி வர்ற உத்தியோகஸ்தியா, இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு தூக்கிட்டு அலைய?" சொல்லிவிட்டு வண்டிச் சாவியை உருவிக்கொண்டு இறங்கி நடந்தீர்கள். தடுமாறி ஒரு கல்லில் இடித்துக்கொண்டீர்கள். ஓடி வந்து பிடிக்கலாமா என்று நினைத்தேன். வரவில்லை.

பெத்த மனம் பித்து என்பார்கள். உங்களுக்கு அந்தப் பித்து இல்லை. உங்களுக்கு எல்லாமே ஒரு வார்த்தை. அன்றைக்கு "போ". இன்றைக்கு "கூடாது".

ஜீப் உங்களிடமே இருக்கட்டும். நான் லாரியில் போய்க்கொள்கிறேன்.


ஜனவரி 20

சுண்டுவின் அம்மாவுக்கு,

லாரியில் போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். நீ கடிதத்தைக் காட்டியதும் எனக்கு அந்த வழிதான் கண்ணில் வந்தது. கல்வெளி, ஆறு, உப்புத் தரை. அத்தனை குலுக்கலிலும் பின்னால் ஒரு பெட்டிக்குள் அவள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் பேருந்தின் கடைசி இருக்கையில் படுத்துக்கொண்டு வருவாள். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கண்ணாடியில் பார்ப்பேன், முழித்துவிட்டாளா என்று. இந்தத் தடவை எதைப் பார்ப்பேன்? ஒருமுறை படுக்கவைத்த பிள்ளையை எழுப்பக் கூடாது என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வேறு வந்துவிட்டது. அந்த மாதிரி அவளைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது.

என் மனம் இன்னும் மாறவில்லை. தோண்டுவது தவறு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவளை வயிற்றில் சுமந்தது நீ. நான் வழியில் இருந்தபோதெல்லாம் வீட்டில் இருந்து வளர்த்தது நீ. பக்கத்தில் வேண்டும் என்று நீ கேட்டால், கூடாது என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

டிப்போவில் தகர வேலை செய்பவரிடம் பெட்டி செய்யச் சொல்லிவிட்டேன். உள்ளே பலகை, மேலே துத்தநாகத் தகடு, ஜீப்பின் பின்பக்கத்துக்குப் பொருந்துகிற மாதிரி. "நீளம் எவ்வளவு சார்?" என்று கேட்டார். என் தோளைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கும் பெண் இருக்கிறாள். டேப்பை எடுத்து என் தோள்வரை அளந்துகொண்டார்.

அங்கே அவர்கள் தோண்டும்போது நான் வண்டியிலேயே இருந்துகொள்கிறேன். எல்லாம் முடிந்ததும் கூப்பிடு, தூக்க வருகிறேன். அது மட்டும் எனக்கு விட்டுக்கொடு.

சுண்டுவின் அப்பா


ஜனவரி 28

சுண்டுவின் அப்பாவுக்கு,

பெட்டியைப் பற்றிப் படித்த பிறகு அன்று வேலைக்குப் போக முடியவில்லை.

ஓட்டுநர் உரிமம் வந்துவிட்டது. புகைப்படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன். பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து விடுப்புப் போட்டிருக்கிறேன். ஞாயிறு காலை உங்கள் ஊரில் இறங்குவேன், திங்கள் விடிந்ததும் கிளம்பிவிடலாம். சொட்டு மருந்தை வழிக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் படாமல் ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வண்டிக்குள் பழைய கதை எதையும் நான் எடுக்கமாட்டேன். நீங்களும் எடுக்க வேண்டாம்.

சுண்டுவின் அம்மா


மார்ச் 12

சுண்டுவின் அப்பாவுக்கு,

முகாமின் டாக்டர் மூலமாக இதை அனுப்புகிறேன்.

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். சொன்னபடி சாமான் லாரிக்குப் பின்னாலேயே வந்தேன். விடுமுறையில் இறங்கிய முகாம் சமையல்காரம்மா என்னோடு வண்டியில் வந்தார். மலை இறக்கத்தில் முதல் கியரை விட்டு நான் மாறவேயில்லை. அந்த அம்மா கண்ணைத் திறக்கவேயில்லை. உப்புத் தரையில் ஒரு இடத்தில் தடத்தை விட்டுக் கொஞ்சம் விலகிவிட்டேன். பின் சக்கரம் இறங்கியது. மிதிக்காமல் நிறுத்தினேன். காற்றைக் குறைத்து, இரும்புப் பலகையைப் போட்டு, பின்னாலேயே எடுத்துவிட்டேன். லாரி ஓட்டுநர் இறங்கி வருவதற்குள் வண்டி வெளியே நின்றது. "யார்கிட்டக் கத்துக்கிட்டீங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன்.

காலியாக வந்ததால் வண்டி அதிகம் குலுங்கியது. போகும்போது நீங்கள், தண்ணீர், டீசல், பெட்டி எல்லாம் இருந்தன. பெட்டியை முகாமிலேயே விட்டுவிட்டேன். மருந்து வைத்துக்கொள்ளட்டும், எலி போகாது.

ஜீப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேஸ்திரி, "அவர் எப்ப வருவார்?" என்று கேட்டார். முகாமில் ஜெனரேட்டர், வண்டியெல்லாம் பழுதாகிக் கிடக்கிறது, பார்க்க ஆள் இல்லை, அதனால் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவார் என்று சொன்னேன். நீங்கள் டாக்டரிடம் சொன்னதும் அதைத்தான். நானும் அதையே நம்புகிற மாதிரி இருந்துவிட்டு வந்தேன்.

சொட்டு மருந்து போதுமா? அடுத்த லாரியில் அனுப்பட்டுமா?

சுண்டுவின் அம்மா


ஏப்ரல் 2

சுண்டுவின் அம்மாவுக்கு,

சொட்டு மருந்து அனுப்பு. இங்கே இருப்பது தீரப் போகிறது. போட்டாலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சப் போவதில்லை. இந்தக் கடிதத்தை ஒரு அட்டையை வரிக்கு அடியில் வைத்துத் தடவித் தடவி எழுதுகிறேன். வரி மேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

ஜெனரேட்டர் ஓடுகிறது. வண்டிகளில் ஒன்று ஓடுகிறது. இதற்காக நான் இங்கே இருக்கவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் காலையைப் பற்றி ஒன்றரை மாதமாக யோசிக்கிறேன். வண்டியிலேயே இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். அப்படித்தான் நினைத்தும் வந்தேன். ஆனால் சரிவில் அந்த மண் மேட்டைப் பார்த்ததும் கால் தானாக இறங்கிவிட்டது. எனக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. மண்வெட்டியோடு நின்ற ஆட்கள் தெரியவில்லை, மலை தெரியவில்லை, நீ தெரியவில்லை. அந்த மேடு மட்டும்தான் தெரிந்தது. உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லாத மாதிரி. உட்கார்ந்து கையை வைத்தேன். சூடாக இருந்தது. வெயிலின் சூடுதான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது என்று ஆகிவிட்டது. கையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தேன். உன்னிடம் சொன்னேன், "கூட்டிட்டுப் போயிடலாம். நீ சொன்னதுதான் சரி. இங்க விட வேணாம்."

நீ என்ன செய்தாய்? ஆட்களிடம் திரும்பி, "வேணாம், நீங்க போங்க" என்றாய். என்னைப் பிடித்துத் தூக்கினாய். "அவ இங்கயே இருக்கட்டும்" என்றாய். ஏன் என்று கேட்டேன். அன்று மாலை முழுக்கக் கேட்டேன். நீ கைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாய்.

அனுமதி வாங்கியது நீ. அதற்காக என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறியது நீ. நான் பிடிவாதத்தை விட்டு, பெட்டி செய்து, கடைசியில் மண்ணில் உட்கார்ந்து உன்னைக் கெஞ்சினேன். நீ கேட்டபோது நான் மறுத்தேன், நான் கேட்டபோது நீ மறுத்துவிட்டாய். பழிக்குப் பழியா? அப்படி இருந்தால் சொல்லிவிடு. நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

ஒரு தடவை "போ" என்று அனுப்பிவிட்டேன். இரண்டாவது தடவையும் அவளைத் தனியாக விட்டுவிட்டு வண்டி ஏற என்னால் முடியவில்லை. அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

சுண்டுவின் அப்பா


ஏப்ரல் 21

சுண்டுவின் அப்பாவுக்கு,

இந்த வருடம் மழை சீக்கிரமே வரும் என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். இது கடைசி லாரியாக இருக்கலாம். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இதை நீங்களே படிக்க முடியாவிட்டால் நர்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் சுண்டுவோடு ஒரே கூடாரத்தில் இருந்தவள். இதை அவள் கேட்கலாம், தப்பில்லை.

பழி இல்லை.

நாம் அங்கே போய்ச் சேர்ந்த அன்று டாக்டரிடம் தனியாகப் பேசினேன். என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். யாரையாவது பிடித்துத் திட்டத்தான் அவ்வளவு தூரம் வந்தேனோ என்னவோ. திட்ட ஆள் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் என்ன கொடுப்போமோ அதையேதான் கொடுத்திருக்கிறார்கள். அவள் உடம்பு கேட்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் "போ" என்று சொன்னதும் காரணம் இல்லை. அங்கே போகாமல் இங்கேயே என் பக்கத்தில் இருந்திருந்தாலும் இதே காய்ச்சல் வந்திருக்கலாம். நான் பார்க்கிறேனே தினமும். இதை அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வாய் வரவில்லை.

இனி அந்தக் காலை. எங்கள் ஆய்வகத்துக்கு அடுத்த கட்டடம் சவக்கிடங்கு. அத்தனை மாதம் மண்ணுக்குள் இருந்த உடம்பு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கையெழுத்து வாங்கி அலைந்த நாட்களிலும் தெரியும். நான் பார்த்துக்கொள்வேன், பெற்றவளுக்கு என்ன அருவருப்பு என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். நீங்கள் வண்டியிலேயே இருப்பீர்கள், எல்லாவற்றையும் மூடிய பிறகு தூக்க மட்டும் வருவீர்கள் என்று நம்பியிருந்தேன்.

ஆனால் நீங்கள் இறங்கி வந்துவிட்டீர்கள். மண்ணைக் கையால் தள்ளிவிட்டு, முகத்தைக் கீழே, கிட்டத்தில் கொண்டுபோனீர்கள். உங்களுக்குக் கிட்டத்தில் வைத்தால்தானே தெரியும். எதை எடுத்தாலும் இப்போது அப்படித்தானே பார்க்கிறீர்கள். அந்த ஆட்கள் தோண்டியிருந்தால் அவளையும் அப்படித்தான் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் வைத்து. யார் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

உங்களுக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம் பார்வை. அதுவும் எத்தனை நாளைக்கோ. அது அணைந்த பிறகு உள்ளே என்ன தங்கியிருக்கிறதோ, அதோடுதான் மிச்சக் காலத்தைக் கழிக்கப் போகிறீர்கள். அவளைப் பேருந்து நிலையத்தில் வழியனுப்பினதை மேஸ்திரி வீட்டில் ஒருநாள் சொன்னீர்கள். ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டு, வண்டி நகர்ந்ததும் நாக்கைத் துருத்திக் காட்டினாளாமே. சொல்லும்போது உங்கள் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன். அந்த முகத்தை எடுத்துவிட்டு மற்றதை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் வேண்டாம் என்றேன். அப்போதே காரணம் சொல்லியிருந்தால் நீங்கள் அதை மனதில் கற்பனை செய்துகொண்டே இருந்திருப்பீர்கள். இப்போதும் செய்வீர்கள். ஆனாலும் பழி என்று நினைத்துக்கொண்டு நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதைவிட இது மேல்.

அவள் என் பக்கத்தில் வேண்டும் என்ற ஆசை எனக்குப் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். போகவில்லை. மாலையில் வேலை முடிந்து வரும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறேன்.

சொட்டு மருந்து மழைக்காலம் முழுவதற்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். தகரப் பெட்டியில் வைக்க வேண்டாம், சூடாகும். பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வையுங்கள். வேளை தவறினால் நர்ஸ் எனக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் அவளிடம் சொல்ல வேண்டும். கொசுவலைக்குள் படுங்கள். இந்த வருடமும் ஆறு பெருகும். நீங்கள் அக்கரையில் இருக்கிறீர்கள் என்பதை நினைத்துக்கொண்டே நான் இந்த மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேஸ்திரியிடம் ஜீப்பைக் கேட்டு வைத்திருக்கிறேன். பாதை திறந்ததும் நானே ஓட்டிக்கொண்டு வருவேன். யாரையும் கூட்டிக்கொண்டு போக அல்ல.

சுண்டுவின் அம்மா